அலாரம் அடித்தும் போன் வரவில்லையா? ஆட்டோ டயலர் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைக்கோ வீட்டுக்கோ திருட்டு அலாரம் பொருத்துகிறவர்கள் முதலில் சைரனைத்தான் அடித்துப் பார்ப்பார்கள். சத்தம் தெருமுனை வரை கேட்டால் திருப்தி. ஆனால் ஊருக்குப் போனவரின் பூட்டிய வீட்டையும், இரவில் ஆளில்லாத அடகுக் கடையையும் பொறுத்தவரை உண்மையில் உதவப்போவது பேனலோடு (அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி) இணைந்திருக்கும் ஆட்டோ டயலர்தான். கதவு சென்சாரோ அசைவு சென்சாரோ தூண்டப்பட்டதும், பதிந்து வைத்த எண்களை அது வரிசையாக அழைத்து, பதிவு செய்த குரலை ஒலிக்கும்.

இதில் ஒரு சிக்கல். டயலர் பழுதானால் யாருக்கும் தெரியாது. இரவு முழுக்கப் போன் வரவில்லை என்றால் கடை பத்திரமாக இருக்கலாம். டயலர் செயலிழந்தும் கிடக்கலாம். இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்க வழி வைக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பொருத்திய அன்று ஒருமுறை சோதித்துவிட்டு, அதன்பின் இரண்டு வருடம் தொடாமல் விட்டவர்கள்தான் கடைசியில் ஏமாறுகிறார்கள்.

வாரம் ஒருமுறை, கடை மூடும் நேரத்தில், அலாரத்தை வேண்டுமென்றே தூண்டிப் பாருங்கள். பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சென்சாரிலிருந்து உங்கள் காது வரை முழுப் பாதையும் அதில் சோதிக்கப்பட்டுவிடும். டயலரில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மட்டும் அழுத்தினால் பாதிப் பாதைதான் சோதனையாகிறது. பேனலுக்கும் டயலருக்கும் நடுவே ஒயர் கழன்றிருந்தால் அது காட்டிக்கொடுக்காது. சில கருவிகளில் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை தானாகவே சோதனை அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ அனுப்பும் வசதி உண்டு. இருந்தால் அதையும் கட்டாயம் போட்டு வையுங்கள்.

அடுத்தது, அழைப்பதற்காக டயலருக்குள் போடும் சிம். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். விலை குறைந்த டயலர்கள் பலவும் 2ஜியில் மட்டுமே வேலை செய்பவை. ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது. 2016இல் சேவை தொடங்கியதிலிருந்தே அதில் பேச்சும் 4ஜி வழியாகத்தான் போகிறது. அதனால் வீட்டில் சும்மா கிடக்கிற ஜியோ சிம்மை எடுத்து 2ஜி டயலரில் போட்டால் டவரே பிடிக்காது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) சிம்கள் இப்போது ஓடும். ஆனாலும் புதிதாக வாங்குகிறவர்கள் 2ஜி கருவியை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா நிறுவனம் 2016 டிசம்பரிலேயே தன் 2ஜி சேவையை மூடிவிட்டது. அன்றைக்கு அதையே நம்பியிருந்த அலாரக் கருவிகளை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று.

4ஜி கருவி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். சில மாடல்களில் இன்டர்நெட் மட்டும் 4ஜியில் ஓடும், பேச்சுக்குப் பழைய 2ஜிக்கே இறங்கும். "வோல்டியில் (VoLTE, அதாவது 4ஜி வழியாகவே பேசும் முறையில்) கால் போகுமா?" என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். உங்கள் சிம்மையே போட்டு அவர் முன்னாலேயே ஒரு கால் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரீசார்ஜ் விஷயம் இன்னும் மோசம். பேக் முடியப்போகிறது என்று நிறுவனம் அனுப்பும் நினைவூட்டல் எஸ்எம்எஸ், டயலருக்குள் இருக்கும் சிம்முக்குத்தான் போகும். அதை யார் படிப்பது? பேக் முடிந்ததும் வெளியே போகும் அழைப்பு நின்றுவிடும். டயலருக்கு வேண்டியதே வெளியே போகும் அழைப்புதான். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால், பிரீபெய்ட் இணைப்பையே நிறுவனம் துண்டித்துவிடலாம். அதனால் கூடுமானவரை ஒரு வருட பேக்கைப் போட்டு, முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் சொந்தப் போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். சிம் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். பொருத்த வந்தவர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்த சிம் என்றால், நாளைக்கு டூப்ளிகேட் சிம் எடுக்கவும் அவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

சிம்மை டயலரில் போடுவதற்கு முன் ஒரு சாதாரண போனில் போட்டு, பின் நம்பர் (PIN) பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய எஸ்எம்எஸ்களையும் அழித்துவிடுங்கள். சிம்மின் எஸ்எம்எஸ் இடம் விளம்பரங்களால் நிறைந்துவிட்டால், சில பழைய கருவிகள் நாம் அனுப்பும் கட்டளையை வாங்கிக்கொள்ளாது. கருவியோடு வரும் 1234, 0000 போன்ற ரகசிய எண்ணையும் அன்றைக்கே மாற்றுங்கள். எஸ்எம்எஸ்ஸிலேயே அலாரத்தை அணைக்கும் வசதி உள்ள கருவி என்றால், அந்த சிம் எண்ணும் இந்த 1234ம் தெரிந்த யாரும் அதை அணைத்துவிடலாம்.

டவர் கிடைக்கிறதா என்பதைக் கருவியை மாட்டப்போகும் இடத்திலேயே பாருங்கள், அதுவும் ஷட்டரை முழுக்க இறக்கிய பிறகு. பகலில் ஷட்டர் திறந்திருக்கும்போது நன்றாகக் கிடைக்கும் சிக்னல், இரவில் இரும்பு ஷட்டர் இறங்கியதும் குறைந்துவிடும். டயலரை இரும்புப் பெட்டிக்குள் வைத்து ஆன்டெனாவையும் உள்ளேயே சுருட்டி வைப்பது அடிக்கடி காணும் தவறு. நீள ஒயர் வைத்த ஆன்டெனாவை வாங்கி, பெட்டிக்கு வெளியே, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நம்மூரில் கரண்ட் போவதைக் கணக்கில் எடுக்காமல் எந்த அலாரமும் பொருத்த முடியாது. பேனலுக்கு 12 வோல்ட் பேட்டரி இருக்கும். டயலரை மட்டும் தனி அடாப்டரில் பிளக் பாயிண்ட்டில் செருகியிருப்பார்கள். மெயினை இறக்கிவிட்டு வருகிற திருடனுக்கு அதைவிட வசதி வேறில்லை. சைரன் அடிக்கும், போன் போகாது. டயலரும் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுக்க வேண்டும். 2ஜி கருவி டவரோடு பேசும் கணங்களில் அதன் உள் மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பலவீனமான பேட்டரி சும்மா இருக்கும்போது விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். அழைப்பு தொடங்கியதும் வோல்டேஜ் சரிந்து கருவி ரீசெட் ஆகிவிடும். அதனால் மாதம் ஒருமுறையாவது மெயினை அணைத்து, பேட்டரியில் மட்டும் ஓடவிட்டு, சைரனும் போனும் சேர்ந்தே வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். கரண்ட் போனாலும் பேட்டரி இறங்கினாலும் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

சரி, அழைப்பு கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் போன் அதை உங்களுக்குக் கேட்க விடுமா? இரவு பத்து மணிக்குத் தானாகவே 'டூ நாட் டிஸ்டர்ப்' போகும்படி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். தெரியாத எண்களை ஊமையாக்கும் செட்டிங்கும் பலர் போனில் உண்டு. டயலர் எண்ணை 'கடை அலாரம்' என்ற பெயரில் சேமித்து, ஆண்ட்ராய்டில் ஸ்டார் போட்டு, ஸ்டார் போட்ட தொடர்புகளுக்கு விலக்கு கொடுங்கள். ஐபோனில் அந்தத் தொடர்பின் ரிங்டோன் பகுதிக்குள் 'எமர்ஜென்சி பைபாஸ்' என்று இருக்கும். அதைப் போட்டால் சைலன்ட்டிலும் அடிக்கும். தனி ரிங்டோன் வைத்தால் தூக்கத்திலும் அடையாளம் தெரியும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் போனிலும் இதை நீங்களே உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

டயலர் ஒவ்வொருவராகத்தான் அழைக்கும். ஒருவருக்கு முக்கால் நிமிடம் என்று வைத்தாலும் ஐந்தாவது ஆளுக்குப் போய்ச் சேர மூன்று நிமிடம் ஆகிவிடும். அதனால் முதல் எண் பக்கத்தில் இருப்பவருடையதாக இருக்கட்டும். முதலாளி என்ற மரியாதைக்காக சென்னையில் இருப்பவரின் எண்ணை முதலில் போட்டு, எதிர்வீட்டு அண்ணனைக் கடைசியில் வைப்பது நேரத்தை வீணாக்கும். இன்னொன்று, வாய்ஸ்மெயிலோ வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்ட போனோ எடுத்தாலும் சில டயலர்கள் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று நினைத்து நிறுத்திக்கொள்ளும். எடுத்தவர் ஒரு பட்டனை அழுத்தினால்தான் அழைப்பது நிற்கும் என்ற வசதி உள்ள கருவியே நல்லது. எந்தப் பட்டன் என்பதை அந்தக் குரல் பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.

பதிவு செய்யும் குரலில் "அலாரம், அலாரம்" என்று கத்துவதால் பயனில்லை. எடுத்தவர் "ஹலோ" என்று சொல்லி முடிக்க இரண்டு நொடி இடைவெளி விட்டு, இடத்தையும் விஷயத்தையும் நிதானமாகச் சொல்லுங்கள்: "கீழவீதி நகைக்கடையில் அலாரம் அடிக்கிறது. பின்பக்கக் கதவு." பத்து நொடிக்குள் இது இரண்டு முறை வந்துவிடும்.

பொய் அலாரம் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அசைவு சென்சாரின் முகப்பில் பல்லி ஓடினாலே போதும், போன் அடிக்கும். ஏசி காற்றில் ஆடும் திரை, மாலை வெயில் நேராக விழும் ஜன்னல், பூனை வந்து போகும் மாடிப்படி, காற்றுக்கு அதிரும் ஷட்டர் எல்லாமே காரணமாகலாம். நடுராத்திரியில் நாலு தடவை வீணாக எழுப்பிவிட்டால், ஐந்தாவது தடவை அண்ணன் போனைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். அவர் மேல் தவறில்லை. பொய் அலாரம் வந்த அன்றே எந்த சென்சார் என்று பேனலில் பார்த்து, அதன் இடத்தையோ கோணத்தையோ மாற்றுங்கள். எரிச்சலில் அந்த சென்சாரையே அணைத்து வைக்க வேண்டாம்.

100, 112 போன்ற அவசர எண்களை டயலரில் பதியக் கூடாது. பதிவு செய்த குரலிடம் காவலர்கள் எதையும் திருப்பிக் கேட்க முடியாது. பல்லிக்காக ஒரு ரோந்து வண்டி வந்து நிற்கும் நிலையும் வரும். அழைப்பு வந்ததும் 112க்கு யார் பேசுவது, பக்கத்து வீட்டில் யாரை எழுப்புவது, சாவி யாரிடம் என்பதைப் பட்டியலில் உள்ளவர்களோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். முதலில் போய்ச் சேருகிறவர் தனியாக உள்ளே நுழையாமல், தெருவிளக்கு வெளிச்சத்தில் தள்ளி நின்று போலீஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.