மூச்சு சீரானதும் இன்ஹேலரை நிறுத்திவிடுகிறீர்களா?

காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல். மூக்கு தண்ணீராய் ஒழுகுகிறது, கண்ணும் அண்ணமும் அரிக்கின்றன. 'சளி பிடித்திருக்கிறது' என்று ஒரு மாத்திரையைப் போடுகிறோம். மதியத்துக்குள் அடங்கிவிடுகிறது, மறுநாள் காலையில் மறுபடி அதே கதை. மாதக்கணக்கில் இப்படிப் போனால் அது பெரும்பாலும் அலர்ஜி. வைரஸால் வரும் சளி 7 முதல் 10 நாட்களில் தணிந்துவிடும். காய்ச்சலும் உடம்புவலியும் சேர்ந்து வரலாம். மூக்கு அலர்ஜியில் காய்ச்சல் இருக்காது, அரிப்பு இருக்கும்.

சளி பச்சையாக வந்ததும் ஆன்டிபயாட்டிக் தேடி ஓடுவது அடுத்த தவறு. அந்தப் பச்சை, கிருமியோடு போராடும் நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் சளியிலும் அது வரும். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது.

மூக்கடைப்புச் சொட்டு மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்றவை சில நிமிடங்களிலேயே மூக்கைத் திறந்துவிடும். அந்தச் சுகத்தில் ஐந்து நாளைத் தாண்டித் தொடர்ந்தால், மருந்தின் வேகம் குறைந்ததும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். அதற்காக மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. அலர்ஜிக்குத் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே இதற்கு நேர்மாறு. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டு நாள் அடித்துவிட்டு 'கேட்கவில்லை' என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஆஸ்துமாவில் நடக்கும் தவறுகள். இன்ஹேலர் என்றாலே 'பழகிவிடும்', 'நோய் முற்றினவர்களுக்குத்தான்' என்ற பயம். உண்மையில் அதில் வரும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில், நேராக நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையாக விழுங்கினால் மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கச் சுற்றும்.

சால்பியூட்டமால் போன்ற மருந்து, இறுகிய மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும். நாலைந்து மணி நேரம் தாங்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. அதைக் குறைப்பது தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். வீசிங் நின்றதும் அதை நாமாக நிறுத்தினால், வீக்கம் மெல்லத் திரும்பி, அடுத்த தூசியிலோ சளியிலோ பெரிதாகத் தாக்கும். உடனடி நிவாரண மருந்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று, சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது.

சரி, ஒழுங்காக எடுத்தும் குறையவில்லையா? கண்ணாடி முன் நின்று ஒரு முறை அடித்துப் பாருங்கள். வாயோரத்தில் புகை போல வெளியே வந்தால் மருந்து உள்ளே போகவில்லை. ஸ்பிரே வகை இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதட்டை இறுக மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். இழுத்த பிறகு பத்து எண்ணும் வரை அடக்குங்கள். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராவிட்டால், இன்ஹேலரோடு பொருத்தும் குழாயான ஸ்பேசர் கேளுங்கள். குழந்தைகளுக்கு அது இல்லாமல் சரிவராது. பவுடர் வகையை மட்டும் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இல்லையென்றால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படியும், குரல் கம்மும்.

அப்புறம் தூசி. பலரும் அலமாரியைத் துடைத்துவிட்டு மெத்தையை மறந்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் அதிகம் வாழ்வது மெத்தையிலும் தலையணையிலும்தான். உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அவை சாகும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் 'அலர்ஜிதான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். காசநோயாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, மூச்சு இழுக்கையில் விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உணவோ மருந்தோ பூச்சிக்கடியோ பட்ட சிறிது நேரத்தில் தடிப்போடு மூச்சும் திணறினால், அலர்ஜி மாத்திரை போதாது. அப்போது உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அது கிடைக்கும் வரை அவரை எழுந்து நடக்க விடாதீர்கள்.