ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம், வட்டு மட்டும் வேறு பெட்டியில்: புதிதாகத் தொடங்குவோருக்கு

அட்டனிலோ பண்டாரவளையிலோ சிறிய கணினி வகுப்பு நடத்துபவரிடம் பழைய கணினிகள் இரண்டு மூன்று இருக்கும். அதில் ஒன்று படுத்துவிட்டால் மாணவர்களின் வேலையும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மெய்நிகர் கணினியின் (விஎம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வட்டை வலையமைப்பில் உள்ள தனிச் சேமிப்புப் பெட்டியில் வைத்தால், ஓட்டுகிற கணினி பழுதானாலும் வட்டு பத்திரமாக இருக்கும். ஆனால் இனி எல்லாமே அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் ஓடும். நம் பக்கத்து இடியையும் மின்வெட்டையும் நினைத்தே இதை அமைக்க வேண்டும்.

சேமிப்புப் பெட்டிக்கு ட்ரூநாஸ், விஎம் ஓட்டும் கணினிக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள்கள். இரண்டும் இலவசம். ட்ரூநாஸ் கணினிக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், நிறுவ ஒரு சிறிய வட்டு, தரவுக்கு ஒரே அளவில் இரண்டு வட்டுகள் தேவை. இரண்டு கணினிகளையும் கேபிளில் இணையுங்கள், வைஃபை வேண்டாம். ஸ்விட்ச் கிகாபிட்டா என்று பாருங்கள். பழைய 100 மெகாபிட் ஸ்விட்சில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் போகாது, விண்டோஸ் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

படி 1: ட்ரூநாஸில் இரண்டு வட்டுகளையும் மிரர் முறையில் (ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படும்) ஒரு பூல், அதாவது ஒரே சேமிப்பிடம், ஆக்குங்கள். அதற்குள் ஒரு டேட்டாசெட் (தனி அமைப்புகள் கொண்ட கோப்புறை போன்றது), அதற்கு ஒரு என்எஃப்எஸ் ஷேர் (அதை வலையமைப்பு வழியே மற்றக் கணினிக்குப் பகிரும் வழி). ஷேரின் அட்வான்ஸ்ட் பகுதியில் மேப்ரூட் யூசர் என்ற இடத்தில் ரூட் (முழு உரிமையுள்ள நிர்வாகிப் பயனர்) என்று தேர்ந்தெடுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். வெளியிலிருந்து ரூட்டாக வருபவரை என்எஃப்எஸ் வழக்கமாக உரிமை இல்லாத பயனராக மாற்றிவிடும். ப்ராக்ஸ்மாக்ஸ் ரூட்டாகத்தான் எழுதும், அதனால் அனுமதி இல்லை என்ற பிழை வரும். அப்படித் திறந்துவிடுவதால், ப்ராக்ஸ்மாக்ஸின் ஐபி முகவரிக்கு மட்டுமே ஷேரைக் கொடுங்கள். என்எஃப்எஸ் சேவை தானாகத் தொடங்கும்படியும் வையுங்கள்.

படி 2: ப்ராக்ஸ்மாக்ஸ் கணினியின் பயாஸில் (கணினியைத் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) விஎம் ஓட உதவும் விர்ச்சுவலைசேஷனை இயக்கி, ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவுங்கள். பிரவுசரில் அதன் முகவரியை 8006 போர்ட்டுடன் திறங்கள். டேட்டாசென்டர், ஸ்டோரேஜ், ஆட், என்எஃப்எஸ் என்று போய் ஒரு பெயரும் ட்ரூநாஸின் ஐபியும் கொடுங்கள். எக்ஸ்போர்ட் பட்டியலில் உங்கள் ஷேர் தானாகத் தெரியும். கன்டென்டில் டிஸ்க் இமேஜ் (விஎம்மின் வட்டு), ஐஎஸ்ஓ இமேஜ் (விண்டோஸ் போன்றவற்றை நிறுவும் கோப்பு) இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

படி 3: ஐஎஸ்ஓ கோப்பை ஏற்றி, கிரியேட் விஎம் அழுத்துங்கள். டிஸ்க்ஸ் பக்கத்தில் ஸ்டோரேஜாகப் புதிய என்எஃப்எஸ்ஸையும், ஃபார்மட்டாக கியூகவ்2 என்பதையும் எடுங்கள். என்எஃப்எஸ்ஸில் ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பிப் போகக்கூடிய ஒரு கணத்து நிலை) எடுக்க இந்த ஃபார்மட் தேவை. மற்றவற்றை அப்படியே விடலாம்.

சரி, இனி கரண்ட். சேமிப்புப் பெட்டி திடீரென நின்றால் விஎம் உறைந்து நிற்கும். பெட்டி திரும்பி வந்தால் சில வேளை அப்படியே தொடரும், சில வேளை உள்ளிருக்கும் லினக்ஸ் வட்டை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டிவிடும். ஆகவே யூபிஎஸ் (கரண்ட் போனாலும் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதில் ட்ரூநாஸையும் ஸ்விட்சையும் முதலில் மாட்டுங்கள். வேகம் கூடும் என்று யாராவது சொன்னாலும் டேட்டாசெட்டின் சிங்க் அமைப்பை (தரவு வட்டில் உண்மையாகவே எழுதப்பட்ட பிறகுதான் எழுதியாகிவிட்டது என்று சொல்ல வைப்பது) டிசேபிள் செய்யாதீர்கள். கரண்ட் போகும் கணத்தில், எழுதியாகிவிட்டது என்று விஎம் நம்பிய தரவு காணாமல் போகும்.

நிறுத்தும்போது முதலில் விஎம்கள், பிறகு ப்ராக்ஸ்மாக்ஸ், கடைசியில் ட்ரூநாஸ். கரண்ட் திரும்பியதும் ட்ரூநாஸ் எழும்புவதற்கு முன்பே ப்ராக்ஸ்மாக்ஸ் தயாராகி, வட்டைத் தேடிக் கிடைக்காமல், தானாகத் தொடங்க வேண்டிய விஎம்களைத் தொடங்காமலே விட்டுவிடக்கூடும். அதைத் தவிர்க்க, நோடின் (ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் அந்தக் கணினியின் பெயர்) சிஸ்டம், ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ஸ்டார்ட் ஆன் பூட் டிலே என்பதை 180 விநாடி அளவில் வையுங்கள்.

ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டியில்தான் இருக்கும், அது பேக்கப் ஆகாது. வாரம் ஒருமுறை வெளி யூஎஸ்பி வட்டில் பேக்கப் எடுத்து, வட்டைக் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள்.