பிங் பதில் சொன்னது, கணினி வரவில்லை

எங்கள் அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் இருக்கும் கணினி தரைத்தளத்தில். நான் மாடியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் (வேறு இடத்திலிருந்தே அந்தக் கணினியின் திரையைப் பார்த்து இயக்கும் வசதி) வழியாக வேலை செய்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை இணைப்பு வரவே இல்லை. அந்தக் கணினியின் வழக்கமான நெட்வொர்க் முகவரியான 192.168.1.10-க்கு பிங் (அந்த முகவரியில் ஏதாவது கருவி இருக்கிறதா என்று கேட்கும் சோதனை) கொடுத்தேன், பதில் வந்தது. அதை நம்பித்தான் ஏமாந்தேன். இணைப்பைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பான ஃபயர்வாலைக் குடைந்து ஒரு மணி நேரம் வீண்.

பிறகுதான் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில், ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) சோதித்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. சந்தேகம் வந்து அந்த முகவரியை பிரவுசரில் திறந்தால், பிரிண்டரின் அமைப்புப் பக்கம்! ஞாயிற்றுக்கிழமை மின்தடைக்குப் பிறகு ரவுட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டிருக்கிறது. முகவரியின் கடைசி எண் பிரிண்டருக்கு 10, கணினிக்கு 14.

ரவுட்டரில் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பகுதியில் கணினியின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்) கொடுத்து, 14-ஐ அதற்கே நிரந்தரமாக ஒதுக்கினேன். ரிமோட் டெஸ்க்டாப்பிலும் அந்த முகவரியைக் கொடுத்ததும் இணைப்பு உடனே வந்தது.

மதிய உணவு முடிந்து வந்தால் மறுபடியும் இல்லை. இந்த முறை கீழே இறங்கிப் பார்த்தேன்: கணினி உறக்க நிலைக்குப் போயிருந்தது. பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றினேன். திரை மட்டும் அணைந்தால் இணைப்புக்குப் பாதகமில்லை.

ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் கேட்டிருக்கிறேன். மேலாளர் "பார்க்கலாம்" என்றிருக்கிறார்.