லீவு விட்டாச்சு: பிள்ளைகளைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று நாம் செய்யும் தவறுகள்

கோடை விடுமுறையின் முதல் நாள் காலை பத்து மணி வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போகும். பத்தரைக்கு ஒரு குரல் வரும்: "போர் அடிக்குது." அதைக் கேட்டதும் பெற்றவர்களுக்கு ஒரு பதற்றம் வருகிறதே, விடுமுறையில் நாம் செய்யும் முக்கால்வாசித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

மூன்று வருடத்துக்கு முன் நானும் பதறினேன். பெரியவளுக்கு அப்போது 8 வயது, சின்னவனுக்கு 5. சார்ட் பேப்பர் வாங்கி வந்து, 8 மணிக்கு உடற்பயிற்சி, 9 மணிக்கு ஓவியம், 10 மணிக்கு வாசிப்பு என்று ராத்திரி வரைக்கும் கலர் கலராகக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள் ஓவிய நேரத்தில் சின்னவன் பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை, வாசிப்பு நேரத்தில் பெரியவள் அழுதாள். நாலாம் நாள் சார்ட்டையே காணோம். தேடிப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு, சார்ட்டின் வெள்ளைப் பக்கத்தில் புதையல் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "அந்தப் பக்கம் காலை வைக்காதே, முதலை இருக்கு" என்றான் சின்னவன். பத்து நிமிஷம் உட்காராத அதே பையன், அன்று சாப்பிடக் கூப்பிடும்வரை வரைந்துகொண்டிருந்தான்.

வீட்டை இன்னொரு பள்ளிக்கூடம் ஆக்குவதுதான் முதல் தவறு, அதிகம் பேர் செய்வதும் அதுதான். அதற்காக நேரம் காலமே இல்லாமல் விட்டுவிட்டாலும் மூன்றாம் நாளே வீடு சந்தையாகிவிடும். எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, வெளியே போய் விளையாடுவது, தூங்குவது, இந்த ஐந்துக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு நேரம் இருந்தால் போதும். நடுவில் கிடக்கும் நேரம் அவர்களுடையது. 1989-ல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவே ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது, நாம்தான் அதைப் பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறோம்.

சரி, "போர் அடிக்குது" என்றால் என்னதான் செய்வது? உடனே எதையும் கையில் கொடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் முனகுவார்கள், சோபாவில் தலைகீழாகத் தொங்குவார்கள், இருபது தடவை உங்களைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டினால்தான் ஏதாவது ஒன்று தானாகக் கிளம்பும். பாதியிலேயே நாம் போய் யோசனை சொன்னால், அடுத்த முறை யோசிக்கும் வேலையும் நம்முடையதாகிவிடும், இரண்டு மாதமும் நாம்தான் அந்த வீட்டின் நிகழ்ச்சி அமைப்பாளர். ஆனால் ஒன்று, சின்னக் குழந்தைகளிடம் அந்த வார்த்தைக்கு நிறைய அர்த்தம் உண்டு. பசிக்குது, தூக்கம் வருது, நீ என்னோட பேசவே இல்லை, எல்லாமே "போர் அடிக்குது"தான். காலையிலேயே ஒரு கால் மணி நேரம் போனைத் தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் சொல்கிற விளையாட்டை அவர்கள் சொல்கிற விதிப்படி நீங்கள் விளையாடிவிட்டு எழுந்தால், அப்புறம் தனியாக விளையாடுவது அவர்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்காது. நாளெல்லாம் பாதிக் காதோடு "ம்... ம்..." கொட்டிக்கொண்டிருந்தால்தான் பிள்ளை காலைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் செய்வோம். "போர் அடிக்குதா? அப்ப வீட்டைக் கூட்டு." கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வீட்டு வேலையைத் தண்டனை ஆக்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. உண்மையில் குழந்தைகளுக்கு நிஜ வேலை பிடிக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, மாவு பிசைவது, கழன்ற ஸ்க்ரூவைத் திருகுவது, எதைக் கேட்டாலும் ஓடி வருவார்கள். நாம் வேகமாக முடிக்க வேண்டும் என்று "நீ போய் விளையாடு" என்று விரட்டிவிட்டு, அப்புறம் பன்னிரண்டு வயதில் ஒரு வேலையும் செய்வதில்லை என்று புலம்புகிறோம்.

பொம்மை வாங்கிக் குவிப்பது அடுத்தது. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தளர்நடைப் பருவத்துக் குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும், இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 4 இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதை வைத்து விதவிதமாகவும் விளையாடினார்கள். 16 இருந்தபோது ஒன்றை எடுப்பதும் இன்னொன்றுக்குத் தாவுவதுமாகவே போனது. வீட்டில் ஏற்கெனவே குவிந்து கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம், முக்கால்வாசியைப் பையில் கட்டிப் பரண்மேல் வைத்துவிடுங்கள். பத்து நாள் கழித்து இறக்கினால் புதிதாக வாங்கி வந்தது மாதிரிதான் பாய்வார்கள். பழைய பொம்மை என்று கண்டுபிடித்தாலும் கவலைப்படமாட்டார்கள்.

பொம்மையே வேண்டாம் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் ஒரு விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்த பொம்மைகளுக்கென்று ஒரு கௌரவப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். 2005-ல் அந்தப் பட்டியலில் ஏறியது வெறும் அட்டைப்பெட்டி. 2008-ல் மரக்குச்சி. 2011-ல் போர்வை. சிரிப்பு வரும், ஆனால் ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஃப்ரிட்ஜை ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்த்திருக்காது. ரிமோட் காரை வைத்துக் கார் மட்டும்தான் ஓட்ட முடியும். பெட்டி காலையில் கப்பல், மத்தியானம் ஆஸ்பத்திரி, சாயங்காலம் நாய்க்குட்டி வீடு. எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு மூலையில் இரண்டு மூன்று அட்டைப்பெட்டி, கயிறு, பழைய போர்வை, துணிக்கு மாட்டும் கிளிப், பாட்டில் மூடிகள், ஒரு டார்ச் லைட் போட்டு வையுங்கள். கத்திரிக்கோலும் டேப்பும் நம் கையில் இருக்கட்டும்.

இங்கேதான் அதிகம் பேர் கவனிக்காத ஒரு தவறு இருக்கிறது. சாயங்காலம் ஆனதும் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை நாற்காலி நாலையும் போர்வையையும் வைத்து ஒரு கோட்டை கட்டி, உள்ளே யார் எங்கே படுப்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருக்கும். நாம் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, மறுநாள் "நேத்து நல்லாத்தானே விளையாடினே, இன்னிக்கு என்ன?" என்று கேட்போம். ஒரு விளையாட்டு இரண்டாம் நாளுக்கு நீண்டால்தான் அதில் சுவாரஸ்யமே கூடும், கதை வளரும், சுவர் உயரும். வீடு முழுக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு மூலையை மட்டும், பாதியில் நிற்கும் விஷயம் அப்படியே கிடக்கலாம் என்று ஒதுக்கிக் கொடுங்கள். விருந்தாளி வந்தால் கண்டுகொள்ளாமல் போகட்டும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். அறவே கூடாது என்று சபதம் போடுகிறவர்கள் பத்தாம் நாள் உடைகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் வினை. முனகியவுடன் போன் கிடைத்தால், முனகுவதுதான் போனின் பாஸ்வேர்டு என்று ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். காலையில் கண் விழித்ததும் போன் பார்த்த நாளில் மற்ற எல்லா விளையாட்டும் சப்பென்று ஆகிவிடுவதையும் கவனித்திருப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் கொளுத்தும் நேரத்தில், தினமும் ஒரே வேளை என்று வைத்துவிட்டால் கெஞ்சல் குறையும். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பதற்கு ஆறு வயதுப் பிள்ளைக்கு அர்த்தமே கிடையாது, ஆகவே நிமிஷக் கணக்கை விட்டு "ரெண்டு எபிசோட்", "இந்த ஆட்டம் முடியற வரைக்கும்" என்று பேசுங்கள். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இதுதான்: 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. பெரிய பிள்ளைகளுக்குத் திரை நேரத்துக்கென்று ஒரு எண் தரவில்லை, ஆனால் 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று 2020-ல் சொன்னது. அந்த 60 நிமிடமும், சாப்பாடும், தூக்கமும் சரியாக நடந்தால் மிச்சத்துக்கு நான் சண்டை போடுவதில்லை.

பரிசு ஆசை காட்டுவதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இதைச் செய்கிறோம். "பத்து புத்தகம் படிச்சா சைக்கிள்." 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் தாங்களாக வரைந்தார்கள். திடீர்ப் பரிசு வாங்கியவர்களுக்கு அந்த ஆசை குறையவில்லை. அதனால் படித்து முடித்த பிள்ளைக்கு ஒருநாள் எதிர்பாராமல் ஏதாவது வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. முன்கூட்டி விலை பேசாதீர்கள்.

சம்மர் கேம்ப், நீச்சல், கீபோர்டு, கராத்தே என்று ஒரே பிள்ளையை நாலு வகுப்பில் தள்ளுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பிள்ளையைக் கேட்டு ஒன்றில் சேருங்கள், போதும். படிப்பு மறந்துவிடுமே என்ற பயத்தில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. 1996-ல் ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீண்ட கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு நழுவுகிறது, அதிலும் கணக்குதான் அதிகம் நழுவுகிறது என்று தெரிந்தது. அதற்காக ரெண்டு மணி நேரம் கணக்கு நோட்டைத் திறக்க வைக்க வேண்டாம். சீட்டு விளையாடுங்கள், தாயக்கட்டை உருட்டுங்கள், ஸ்கோர் எழுதும் பொறுப்பை எப்போதும் பிள்ளையிடமே விடுங்கள். தப்பாகக் கூட்டினால் தோற்றவர்களே சும்மா விடமாட்டார்கள்.

பெரிய பிள்ளையை ஆயா ஆக்குவது, இது கொஞ்சம் நான் என்னையே சொல்லிக்கொள்வது. "தம்பியைப் பார்த்துக்கோ" என்று ஒரு நாளில் பத்து தடவை சொல்லிவிட்டு, சாயங்காலம் இரண்டு பேரும் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். இப்போது மதியம் ஒரு மணி நேரம் அவள் அறைக்குள் அவன் போகக் கூடாது. சண்டை பாதியாகக் குறைந்தது, மிச்சப் பாதியில் அடிதடி வராதவரை நான் தலையிடுவதில்லை.

விளையாட்டாகப் பேச முடியாத ஒரு விஷயம் தண்ணீர். மூழ்கும் குழந்தை கையை வீசும், கத்தும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். சின்னக் குழந்தைக்குச் சில சென்டிமீட்டர் ஆழம் போதும், குளியலறையில் நிரப்பி வைத்த பக்கெட்டும் அதில் அடக்கம். காற்றடித்த டியூபும் கையில் மாட்டும் பலூனும் விளையாட்டுச் சாமான்கள், உயிர்காக்கும் சாதனங்கள் என்று நம்பிவிடாதீர்கள். உறவுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து போகும்போதுதான் ஆபத்து அதிகம், ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். முறை வைத்து ஒருவரைப் பேர் சொல்லி நிறுத்துங்கள், அவர் கையில் போன் இருக்கக் கூடாது, சின்னப் பிள்ளை கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

பாட்டுப் பாடும் பொம்மையிலும் சின்ன ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரியும் அப்படித்தான். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது. சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உச்சி வெயிலில் பூங்காவுக்குப் போனால் சறுக்குமரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள், பிளாஸ்டிக்கும் சுடும்.

கடைசி வாரத்துக்கு இரண்டு விஷயம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், லீவில் அது நள்ளிரவுக்கு நகர்ந்திருக்கும். பள்ளி திறக்கும் முந்தின நாள் அடித்துத் தூங்க வைக்க முடியாது, பத்து நாளுக்கு முன்பிருந்தே தினம் 15 நிமிடமாக முன்னுக்கு இழுங்கள். அப்புறம், லீவு விட்ட அன்றைக்கே பிள்ளையின் பையைத் திறந்து, வீட்டுப்பாடம் என்று ஏதாவது தாள் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளி திறப்பதற்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு, பல் தேய்த்துவிட்டு வந்து, "நாளைக்கு எரிமலை செஞ்சு எடுத்துட்டுப் போகணும்" என்று சொல்வார்கள்.