ஜாங்கோ செயலியில் பிழை அறிவிப்பு: அமைத்த பிறகும் மெயில் வராமல் போவது எங்கே?

மூன்று வாரமாக ஒரு பிழை மெயில்கூட வரவில்லை. செயலி ஒழுங்காக ஓடுகிறதா, மெயில் போகும் வழி அடைபட்டுக் கிடக்கிறதா? பைத்தானில் வலைச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோவில் இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பிழை மெயிலை அனுப்பும் ‘அட்மின் இமெயில் ஹேண்ட்லர்’ என்ற பகுதி, மெயில் சர்வரோடு பேசும் எஸ்எம்டிபி இணைப்பு தோற்றால் அதை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும்படியே எழுதப்பட்டது. பிழையைச் சொல்லப் போன இடத்தில் இன்னொரு பிழை கிளம்பினால் குழப்பம்தான் கூடும் என்பதால் அந்த ஏற்பாடு. அதனால் கீழே வரும் தவறுகளில் பல எந்தச் சத்தமும் போடாது.

முதலில் எளிய இரண்டு. உருவாக்கும்போது பிழை விவரங்களைத் திரையில் காட்டும் ‘டீபக்’ அமைப்பு ‘ட்ரூ’ ஆக இருக்கும்வரை பிழை மெயில் போகாது. இயல்பான ஹேண்ட்லரில் அதற்கென்றே ஒரு வடிகட்டி உண்டு. பிழை மெயில் பெறுபவர்களின் ‘அட்மின்ஸ்’ பட்டியல் காலியாக இருந்தாலும் போகாது, எச்சரிக்கையும் வராது. பழைய பதிப்புகளில் இந்தப் பட்டியலில் பெயரும் முகவரியும் சேர்ந்த இணைகளைத் தர வேண்டும். ஜாங்கோ 6.0 முதல் வெறும் முகவரிகளே போதும், இணை வடிவம் கைவிடப்படும் வழக்கமாகிவிட்டது. ஒரே ஆளின் முகவரியைப் போடாமல் குழு முகவரியைப் போடுங்கள். அவர் விடுப்பில் போகும் வாரத்தில்தான் சர்வரும் விழும்.

மெயில் சர்வர் அமைப்பில் நடக்கும் தவறு

எதையும் குறிப்பிடாவிட்டால் ஜாங்கோ அதே கணினியின் 25ஆம் போர்ட்டில் மெயில் சர்வர் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இன்றைய கிளவுட் சர்வர்களில் பெரும்பாலும் அங்கே எதுவும் ஓடுவதில்லை. வெளியே இருக்கும் மெயில் சர்வரின் 25ஆம் போர்ட்டுக்குப் போகலாம் என்றால் கூகுள் கிளவுட், அமேசான் இரண்டும் அந்தப் போர்ட்டை இயல்பாகவே மூடி வைத்திருக்கின்றன. 587 போர்ட் என்றால் ‘டிஎல்எஸ்’ அமைப்பை ‘ட்ரூ’ ஆக்குங்கள், 465 என்றால் ‘எஸ்எஸ்எல்’ அமைப்பை. இரண்டையும் சேர்த்து ‘ட்ரூ’ ஆக்க முடியாது. ஜிமெயில் வழியாக அனுப்புவதென்றால் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்டு’ எடுக்க வேண்டும்.

அனுப்புநர் முகவரியைப் பலர் கவனிப்பதே இல்லை. பிழை மெயில்கள் ‘சர்வர் இமெயில்’ என்ற தனி அமைப்பிலிருந்து போகின்றன. அதன் இயல்பு மதிப்பு ‘ரூட் அட் லோக்கல்ஹோஸ்ட்’. பயனர்களுக்குப் போகும் மெயில்களுக்கு நீங்கள் வைத்த முகவரி இதற்குப் பொருந்தாது. பதிவு உறுதி மெயில் சரியாகப் போகிறது, பிழை மெயில் மட்டும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். லோக்கல்ஹோஸ்ட் என்று முடியும் முகவரியைப் பெறும் சர்வர்கள் மறுத்துவிடும், அல்லது ஸ்பேமில் தள்ளும். உங்கள் சொந்த டொமைனில், அனுப்புநரை உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் உள்ள முகவரியை வையுங்கள்.

மோசமான விளைவு டைம்அவுட்டில் இருக்கிறது. பிழை மெயில் பின்னணியில் போவதில்லை. பயனரின் கோரிக்கை முடியும் முன்பே, அதே பிராசஸில் போகிறது. ‘இமெயில் டைம்அவுட்’ அமைப்புக்கு இயல்பாக மதிப்பு எதுவும் இல்லை. ஃபயர்வால் பதிலே சொல்லாமல் இணைப்பை விழுங்கினால், ஜாங்கோவை ஓட்டும் குனிகார்ன் சர்வரின் வொர்க்கர் பிராசஸ் அப்படியே காத்துக் கிடக்கும். 30 விநாடி கழிந்ததும் குனிகார்ன் அதைக் கொன்றுவிடும். 500 என்ற சர்வர் பிழைப் பக்கம் பார்க்க வேண்டிய பயனர், முன்னால் நிற்கும் வலைச் சர்வர் தரும் 502 பார்ப்பார். குனிகார்ன் பதிவில் ‘வொர்க்கர் டைம்அவுட்’ வரிகள் வரிசையாக நிற்கும், மூலப் பிழை வேறெங்கோ ஒளிந்திருக்கும். 5 விநாடி டைம்அவுட் வைத்தால் போதும்.

லாகிங் அமைப்பு: அதிகம் பேர் வழுக்கும் இடம்

நிகழ்வுகளைப் பதிவுசெய்வது லாகர், அந்தப் பதிவை எங்கே அனுப்புவது என்று பார்ப்பது ஹேண்ட்லர். ஜாங்கோவின் இயல்பு அமைப்பில் மெயில் அனுப்பும் ஹேண்ட்லர் ‘ஜாங்கோ’ என்ற லாகரில் மட்டும் மாட்டப்பட்டிருக்கிறது. கோரிக்கைக்குப் பதில் தரும் வியூவில் யாரும் பிடிக்காத எக்செப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) வந்தால் அது ‘ஜாங்கோ ரிக்வெஸ்ட்’ லாகர் வழியாக அங்கே ஏறி மெயிலாகும். ஆனால் கட்டணப் பகுதியில் ட்ரை போட்டு, எக்செப்டில் உங்கள் சொந்த லாகரில் பிழையை எழுதினீர்கள் என்றால் அது மெயிலாகாது. உங்கள் லாகர் ‘ஜாங்கோ’வின் கீழ் வருவதல்ல. அது எல்லா லாகர்களுக்கும் மேலே உள்ள ரூட் லாகருக்குப் போகும், ரூட்டில் ஹேண்ட்லர் இல்லை, திரையில் ஒரு வரி விழுந்து முடிந்துவிடும். ‘பிழையை லாக் செய்திருக்கிறேனே’ என்பவர்களின் மெயில் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, ரூட்டிலேயே மெயில் ஹேண்ட்லரை மாட்டிவிடலாம் என்று செய்தால் அடுத்த சிக்கல்: ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு மெயில். ‘ஜாங்கோ’ லாகர் ஒன்றை அனுப்பிவிட்டு அதே பதிவை ரூட்டுக்கும் தள்ளும், ரூட் இன்னொன்றை அனுப்பும். ரூட்டில் மெயில் ஹேண்ட்லரை வைத்து, ‘ஜாங்கோ’ லாகரின் ஹேண்ட்லர் பட்டியலை உங்கள் அமைப்பில் வெறுமையாக எழுதுங்கள். ஹேண்ட்லரை நீங்களே வரையறுக்கும்போது நிலை ‘எரர்’ என்பதையும், டீபக் இல்லாதபோது மட்டும் விடும் வடிகட்டியையும் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் மடிக்கணினியில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு எழுத்துப் பிழையும் குழுவுக்கே மெயிலாகப் போகும்.

கோப்பில் லாக் எழுத எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் அமைப்பும் ஆபத்துதான். அதில் ‘ஜாங்கோ’ லாகருக்குக் கோப்பு ஹேண்ட்லர் மட்டும் இருந்தால், அது இயல்புப் பட்டியலோடு சேராது, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அன்றோடு மெயில் நின்றுவிடும். ஏற்கெனவே உள்ள லாகர்களை முடக்கும் அமைப்பையும் ‘ஃபால்ஸ்’ என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். எழுதாவிட்டால் பைத்தான் அதை ‘ட்ரூ’ என்றே எடுத்துக்கொள்ளும்.

பின்னணி வேலைகளை ஓட்டும் செலரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு படி கூடுதல். செலரி வொர்க்கர் தொடங்கும்போது ரூட் லாகரில் நீங்கள் மாட்டிய ஹேண்ட்லர்களைக் கழற்றிவிடும். ரூட் லாகரைக் கைப்பற்றும் அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால்தான் டாஸ்க் பிழைகள் மெயிலாகும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடும் மேலாண்மைக் கட்டளைகளின் கதை வேறு: அங்கே பிடிபடாத எக்செப்ஷன் லாகருக்கே வராது, பிழை வெளியீட்டில் போய் விழும். கட்டளை முழுவதையும் ஒரு ட்ரைக்குள் வைத்து, லாக் செய்து, மறுபடி ரெய்ஸ் செய்யுங்கள். எக்செப்டுக்குள் வெறும் ‘பாஸ்’ எழுதி வைத்திருந்தால் எந்தக் கருவியாலும் உதவ முடியாது.

மெயில் வெள்ளம்

ஜாங்கோவில் மெயில் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு கிடையாது. டேட்டாபேஸ் 10 நிமிடம் விழுந்து, விநாடிக்கு 5 கோரிக்கை வந்தால் 3000 மெயில். இலவச ஜிமெயிலின் ஒரு நாள் வரம்பு 500. அதைத் தாண்டியதும் கணக்கு அனுப்புவதை நிறுத்தும். பயனர்களின் கடவுச்சொல் மாற்றும் மெயிலும் அதே கணக்கில் போனால் அதுவும் நிற்கும். பிழை மெயிலுக்கு எப்போதும் தனிக் கணக்கு வையுங்கள்.

வெள்ளத்தை அடக்க ஹேண்ட்லருக்கு ஒரு வடிகட்டி எழுதலாம். எக்செப்ஷன் வகை, பிழை வந்த பாதையைக் காட்டும் டிரேஸ்பேக்கில் உங்கள் குறிநிரலைச் சேர்ந்த கடைசிக் கோப்பு, அதன் வரி எண் மூன்றையும் சேர்த்து ஒரு சாவி ஆக்குங்கள். பிழைச் செய்தியைச் சாவியில் சேர்க்காதீர்கள். அதில் ஆர்டர் எண் போன்றவை இருந்தால் ஒவ்வொன்றும் புதுப் பிழையாகிவிடும். தற்காலிகச் சேமிப்பான கேஷில் ‘ஆட்’ கட்டளையால் 600 விநாடி ஆயுளோடு சாவியைச் சேர்க்கப் பாருங்கள். ஏற்கெனவே இருந்தால் மெயிலைத் தடுத்து, நீண்ட ஆயுள் கொண்ட இன்னொரு சாவியில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அடுத்த மெயிலின் தலைப்பில் அந்த எண்ணைக் காட்டினால் பிழையின் வீச்சு தெரியும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. இயல்பான கேஷ் ஒவ்வொரு பிராசஸின் நினைவகத்திலும் தனித்தனியாக இருப்பது. 4 வொர்க்கர் என்றால் 4 மெயில். எல்லா பிராசஸுக்கும் பொதுவான, ரெடிஸ் போன்ற கேஷ் சர்வர் வேண்டும். ஆனால் விழுந்தது அந்த ரெடிஸே என்றால் வடிகட்டியே வெடிக்கும். எனவே வடிகட்டிக்குள் ட்ரை போட்டு, கேஷ் தோற்றால் மெயிலைப் போக விடுங்கள்.

வெள்ளத்தின் இன்னொரு ஊற்று, தளங்களைத் தானாகத் தேடித் திரியும் பாட்கள். ஐபி முகவரியை வைத்துத் தட்டிப் பார்க்கும் ஒவ்வொரு பாட்டும், அனுமதிக்கப்படாத ஹோஸ்ட் என்ற பிழையை ‘எரர்’ நிலையில் எழுப்பும். தொல்லை தாங்காமல் அனுமதிப் பட்டியலில் நட்சத்திரக் குறியைப் போடுபவர்கள் உண்டு. பூட்டு கிரீச்சிடுகிறது என்று கதவையே கழற்றும் வேலை அது. ஜாங்கோவுக்கு முன்னால் நிற்கும் வலைச் சர்வரான என்ஜின்எக்ஸில் இயல்பு சர்வர் பகுதி ஒன்று எழுதி, தெரியாத ஹோஸ்ட்டுக்கு 444 கொடுத்து இணைப்பை அறுத்துவிடுங்கள். கோரிக்கை ஜாங்கோவரை வராது.

மெயிலில் கசியும் ரகசியங்கள்

பிழை மெயிலில் டிரேஸ்பேக் மட்டுமல்ல, படிவத் தரவும் செட்டிங்ஸ் மதிப்புகளும் சேர்ந்து போகும். பெயரில் ‘கீ’, ‘சீக்ரெட்’, ‘டோக்கன்’, ‘பாஸ்’, ‘ஏபிஐ’ போன்ற சொல் இருக்கும் செட்டிங்ஸை ஜாங்கோ நட்சத்திரங்களால் மறைக்கும். பார்ப்பது பெயரை மட்டும்தான், மதிப்பை அல்ல. ‘டேட்டாபேஸ் யூஆர்எல்’ என்ற பெயரில் கடவுச்சொல்லோடு கூடிய முகவரியைச் செட்டிங்ஸில் வைத்திருந்தால் அது அப்படியே மெயிலில் போகும். படிவப் புலங்கள் தாமாக மறைவதில்லை. உள்நுழைவு, கட்டண வியூக்களுக்கு ‘சென்சிட்டிவ் போஸ்ட் பாராமீட்டர்ஸ்’ டெக்கரேட்டர் போட வேண்டும். ஹெச்டிஎம்எல் அறிக்கையைச் சேர்க்கும் விருப்பத்தை இயக்கினால் ஒவ்வொரு ஃபங்ஷனின் லோக்கல் மாறிகளும் கூடவே போகும். அதை மூடியே வையுங்கள்.

மெயிலுக்குப் பதில் டெலிகிராம் பாட் என்றால் ஒரு செய்திக்கு 4096 எழுத்து வரம்பு. நீண்ட டிரேஸ்பேக்கை அப்படியே அனுப்பினால் டெலிகிராம் மறுத்துவிடும். வெட்டுவதானால் தலையை வெட்டி வாலை வையுங்கள், பைத்தானில் காரணம் கடைசி வரியில்தான் இருக்கும். செயலி வளர்ந்தால், பிழைகளைத் தொகுத்துக் காட்டும் சென்ட்ரி போன்ற சேவைக்கு மாறுவதே மேல். ஆனால் அங்கும் லாக் செய்தியில் எஃப்-ஸ்ட்ரிங்கால் எண்களைச் சொருகினால் ஒரே பிழை நூறாகப் பிரியும். செய்தியை மாறாத வார்ப்பாக வைத்து, எண்ணைத் தனி ஆர்கியுமென்டாகக் கொடுங்கள்.

எப்படிச் சோதிப்பது

‘சென்ட் டெஸ்ட் இமெயில்’ கட்டளையை அட்மின்ஸ் விருப்பத்தோடு ஓட்டினால் எஸ்எம்டிபி வேலை செய்வது மட்டும் தெரியும். லாகிங் சரியா என்பது தெரியாது. ஊழியர்கள் மட்டும் திறக்கக்கூடிய ஒரு வியூவில் ஒன்றைச் சுழியால் வகுக்கும் வரியை எழுதி, உண்மையான சர்வரில் திறந்து பாருங்கள். பிறகு உங்கள் சொந்த லாகரில் ஒரு பிழை, செலரியில் தோற்கும் டாஸ்க் ஒன்று, கிரானில் தோற்கும் கட்டளை ஒன்று. நான்கும் மெயிலாக வர வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. டிப்ளாய் செய்யும் ஒவ்வொரு முறையும் முதல் சோதனையையாவது தானாக ஓட வையுங்கள். குனிகார்னே செத்துப்போனாலோ, நினைவகம் தீர்ந்து கெர்னல் அதைக் கொன்றாலோ மெயில் எழுத ஜாங்கோ உயிரோடு இருக்காது. அதற்கு, வேறொரு சர்வரிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தைத் தட்டிப் பார்க்கும் கண்காணிப்பு தனியாக வேண்டும்.