மூடுபனியும் பட்டர் பேப்பரும்: ஊடே தெரியும் பரப்பை வரையும்போது எங்கே பிசகுகிறது?

ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் மூடுபனியை வரைபவர்கள் படம் முழுவதற்கும் வரைகலைச் செயலியில் 50 சதவீத வெள்ளை லேயர் (மேலடுக்கு) ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். அது பனியாகாது, படத்துக்கு முன்னால் மங்கலான கண்ணாடி நிறுத்தியதுபோல் இருக்கும். பனி தூரத்தோடு கூடுவது. சீரான பனியில் 100 மீட்டருக்கு வெளிச்ச வேறுபாடு பாதியானால் 200 மீட்டரில் கால், 300 மீட்டரில் அரைக்கால். பக்கத்து சில்வர் ஓக் மரத்தைத் தெளிவாக விட்டு, சரிவுக்குச் சரிவு வெள்ளையைக் கூட்டுங்கள்.

மெல்லிய தாள், திரை என்றால் சங்கதி வேறு. சேலம் வெண்பட்டு வேட்டியை விரித்து, அடர்ந்த கரையிலும் வெள்ளையிலும் பாதிப் பாதி படும்படி ஒரு பட்டர் பேப்பரை வையுங்கள். தாளின் ஓரம் கரையைக் குறுக்கே வெட்டும் புள்ளியில் நான்கு நிறங்கள் கூடுகின்றன. ஊடே தெரிகிறது என்று கண் கண்டுகொள்வது முக்கியமாக அங்கேதான். தாளை வெள்ளைக்கு மட்டும் நகர்த்தினால் அது வெறும் மங்கல் துண்டு. ஒரே நிறப் பின்னணியில் மெல்லிய திரை வரைந்து பயனில்லாமல் போவது இதனால்தான்.

இத்தாலிய உளவியலாளர் ஃபாபியோ மெட்டெல்லி இதைக் கணக்காகவே தந்தார். வேட்டி வெள்ளையின் ஒளி அளவு 200, கரை 20 என்று கொள்வோம், வித்தியாசம் 180. தாளுக்குள் 160, 70 என்றால் வித்தியாசம் 90. ஆகப் பாதி ஒளி ஊடே வருகிறது. உள் வித்தியாசம் வெளி வித்தியாசத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெளிப்பக்கம்தான் திரைபோலத் தெரியும். கரைப் பக்கம் 160, வெள்ளைப் பக்கம் 70 என்று வரிசையைப் புரட்டினாலோ, இரு நிற அட்டையை ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

பலரும் கவனிக்காத பிசகு இன்னொன்று. கறுப்பு லேயருக்கும் வெள்ளை லேயருக்கும் ஒரே 50 சதவீத ஓப்பாசிட்டி (மறைக்கும் அளவு) கொடுத்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியாது. அதே வேட்டியின் மேல் கறுப்புக்குள் 100-ம் 10-ம் நிற்கும். வெளியே இருந்த அதே பத்து மடங்கு. லேயர் வெள்ளையின் ஒளி அளவு 220 என்று கொண்டால், அதற்குள் 210-ம் 120-ம் நிற்கும், இரண்டு மடங்குகூட இல்லை. இரண்டிலும் வித்தியாசம் 90 தான், ஆனால் கண் ஏறக்குறைய மடங்கைத்தான் பார்க்கிறது என்று பார்வை ஆய்வாளர்கள் மனீஷ் சிங், பார்ட்டன் ஆண்டர்சன் 2002-ல் காட்டினார்கள். அதனால் வெள்ளைதான் அடர்த்தியாகத் தெரியும். அதை 30 சதவீதத்துக்குக் குறைத்து, கறுப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

தாளுக்கு அடியில் கரைக்கோடு சற்றும் விலகாமல் ஓட வேண்டும். தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளருக்கு இது பொருந்தாது: சற்றுத் தள்ளிப் பின்னால் இருக்கும் பொருள் அதில் இடம் வலமாக மாறித் தெரியும். நேராகவே வரைந்தால் டம்ளர் காலியாகத்தான் தோன்றும்.