ஷண்ட் வைத்த குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு: ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி

நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாத பிறவி இதயக் குறைகளில், கைக்குச் செல்லும் தமனியையும் நுரையீரல் தமனியையும் ஒரு சிறு குழாயால் இணைப்பார்கள். அதுதான் ஷண்ட். கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பொருளாலான இந்தக் குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர். சின்ன ரத்தக்கட்டி அடைத்தாலே ஆக்சிஜன் ஏறும் வழி மூடிவிடும். பிறந்த முதல் சில மாதங்களில் உறைவைத் தடுக்கும் புரதங்கள் உடம்பில் குறைவு. நீலம் பாரிக்கும் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் கூடி ரத்தமும் கெட்டியாகவே இருக்கும். இதோடு உடம்பில் நீரும் வற்றினால் ஆபத்து இரட்டிப்பு.

அதனால் முதலில் கவனிக்க வேண்டியது பால். வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தாலோ, தொடர்ந்து இரண்டு வேளை பாலைப் பாதிக்கும் குறைவாகக் குடித்தாலோ, ஆறு மணி நேரமாக நேப்பி நனையவில்லை என்றாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டிரிப் ஏற்ற வேண்டியிருக்கலாம். ஓமத் தண்ணீரும் கிரைப் வாட்டரும் இதற்கு ஈடாகாது.

அடுத்தது, ரத்தக்கட்டியைத் தடுக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின். வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 3 முதல் 5 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பது டிஸ்சார்ஜ் கடிதத்தில் இருக்கும்; அதுதான் கணக்கு. 100 மில்லிகிராம் மாத்திரையை 10 மில்லி தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருந்தால், 20 மில்லிகிராமுக்கு 2 மில்லி எடுக்க வேண்டும். ஆஸ்பிரின் முழுக்கக் கரையாது, அடியில் தங்கிவிடும். கலக்கிய கையோடு சிரிஞ்சில் எடுத்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். சளிக்காய்ச்சலோ அம்மையோ வந்தால் உடனே வார்டுக்குப் போன் செய்யுங்கள்: அந்த நேரத்தில் ஆஸ்பிரின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோயைக் கொண்டுவரலாம். ஆனால் நீங்களாகவும் நிறுத்தக்கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கும் ஐபுபுரோஃபென் வேண்டாம், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும்.

சில குழந்தைகளுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸபாரின் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. தவறு அதிகம் நேர்வது இங்கேதான். மருந்தின் அடர்த்தி 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் என்றால், 1 மில்லிக்கு 100 யூனிட் என்று குறித்த இன்சுலின் சிரிஞ்சில் ஒரு யூனிட் ஒரு மில்லிகிராம். மருந்தகம் அதை 1 மில்லிக்கு 20 மில்லிகிராமாக நீர்க்கச் செய்து கொடுத்திருந்தால் ஒரு மில்லிகிராமுக்கு ஐந்து யூனிட். அதே 6 மில்லிகிராம், முதலாவதில் 6 யூனிட் கோடு, இரண்டாவதில் 30 யூனிட் கோடு. புதுப் புட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் லேபிளைத் தாதியிடம் காட்டி, எந்தக் கோடு என்று பேனாவால் குறித்து வாங்குங்கள். இவ்வளவு சின்ன அளவில் ஒரு காற்றுக்குமிழிகூட மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தட்டி வெளியேற்றுங்கள்.

ஊசி போட வேண்டியது தொடையின் வெளிப்பக்கம், ஒரு வேளை இடது, அடுத்த வேளை வலது. துடைத்த ஸ்பிரிட் காயட்டும். தோலை மடிப்பாகப் பிடித்து ஊசியைச் செலுத்தி, மருந்து முழுவதும் இறங்கிய பின் பத்து எண்ணி வெளியே எடுங்கள். பஞ்சால் அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம், தேய்த்தால் கன்றிப்போகும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள், கேட்டுவிட்டுப் போடுங்கள். குழந்தை எடை ஏற ஏற அளவும் மாறும். ஊசி போட்டு 4 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனை அதற்காகத்தான், தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மொட்டையும் காதுகுத்தும் இதய மருத்துவர் சரி சொன்ன பிறகுதான்: கத்தி கீறினால் ரத்தம் எளிதில் நிற்காது, காதுகுத்திய இடத்தில் சீழ் பிடித்தால் கிருமி இதயம் வரை போகலாம். எண்ணெய் தேய்த்துவிட வருகிறவரிடம் ஊசி போட்ட தொடையைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைகளின் நாட்டு மருந்து எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஒரு கால் வீங்கிக் கருநீலமானால், மருத்துவமனையில் குழாய் போட்டிருந்த தொடைச் சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். கால் வெளிறிச் சில்லிட்டால் தமனி அடைத்திருக்கலாம். முகமும் கழுத்தும் உப்பினாலும் கவலைக்குரியதுதான். எதுவானாலும் உடனே கேகே மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உதடும் நாக்கும் வழக்கத்தைவிட நீலமாகி மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு கடிதத்தில் சொன்ன எல்லைக்குக் கீழே இறங்கியே இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கக் கைகால் துவண்டாலோ டாக்சி தேடாதீர்கள். 995-ஐ அழைத்து, முதல் வரியிலேயே “இதயத்தில் ஷண்ட் வைத்த குழந்தை” என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் கடிதமும் கடைசியாக மருந்து கொடுத்த நேரமும் கையில் இருக்கட்டும்.